பதினோரு மணியை நாலாக்கியது யார்?

லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெயர் போய்விட்டது. எந்த லிஃப்டுக்கும் தரைத் தளத்துக்கும் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு குழி இருக்கும். அதில் இறங்கி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சொன்ன பெரிய மெக்கானிக், துடைத்து முடித்ததும் மேலே வா என்று சொல்ல மறந்துவிட்டார். பையன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை, சாயங்காலம் கையெழுத்துப் போடவும் வரவில்லை. தேடிப் போய் எட்டிப்பார்த்தால், பளபளவென்று துடைத்த குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "ஏன்டா மேல வரல?" என்றால், "நீங்க சொல்லலையே அண்ணே" என்றாராம். அன்றிலிருந்து அவர் பாதாளம்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது. ஆனால் மனுஷனின் மொத்தக் குணமும் இதில்தான் இருக்கிறது. கேட்டால்தான் பதில், கூப்பிட்டால்தான் வருகை. தானாக வாயைத் திறந்து ஒரு விஷயத்தைச் சொன்னார் என்று அவரைப் பற்றி ஒருத்தரும் சாட்சி சொல்ல முடியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமான மனைவியாலும் முடியாது.

பேச்சில் கஞ்சமாக இருந்ததை எல்லாம் வேலையில் கொட்டினார். பாதாளம் காதால் வேலை பார்க்கிறவர். லிஃப்டுக்குள் ஏறி நின்று, கதவு மூடியதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். மேலே போய்க் கீழே வருவதற்குள் சொல்லிவிடுவார், நாலாவது மாடிக் கதவு உருளை தேய்ந்திருக்கிறது, பிரேக் அரை நொடி தாமதமாகப் பிடிக்கிறது என்று. புது ஆட்கள் மீட்டரும் கையுமாக அரை நாள் தேடியதை அவர் ஒரே பயணத்தில் பிடித்துவிடுவார். மேனேஜருக்கே அவரிடம் ஒரு மரியாதை உண்டு.

அவருடைய மனைவிக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும் என்று டூட்டி போடுகிற வேலை. ஒரு டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் இவரை அங்கே நகர்த்தி, அவரை இங்கே இழுத்து, பத்து நிமிஷத்தில் ஒரு பஸ்ஸும் நிற்காமல் பார்த்துக்கொள்வார். டிப்போவில் மீசை முறுக்குகிற டிரைவர்களெல்லாம் அந்த அம்மாவின் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவேண்டும். அந்த அம்மாவுக்கும் ஷிஃப்ட் வாராவாரம் மாறும். ஆகையால் யார் எப்போது வீட்டில் இருப்பார் என்பதை இருவரும் போன் காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். கேஸ் சிலிண்டர் வரும் நாள், தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், வெளியூரில் படிக்கிற மகள் வரும் நாள், எல்லாம் அதில்தான்.

அந்தக் காலண்டரில்தான் வினை வந்தது. கம்பெனி எல்லா மெக்கானிக்குக்கும் புதுப் போன் கொடுத்திருந்தது. ஒரு போன் போதாதா என்று நம்ம ஆள் வீட்டுக் காலண்டரையும் அதிலேயே ஏற்றிக்கொண்டார். அப்போது பார்த்து மச்சினன் வீடு மாற்றுகிறான். சாமான் தூக்க வீட்டு மாப்பிள்ளை வராவிட்டால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு நிற்காது. கம்பெனியிலோ வீடு மாற்றவெல்லாம் லீவு தரமாட்டார்கள். எனவே வெள்ளிக்கிழமைக் கட்டத்தில், 'தலைவலி. (மச்சினன் வீடு மாத்தணும்)' என்று எழுதி வைத்தார். சொல்லவேண்டிய பொய் மறந்துபோய்விடக் கூடாதே!

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தது. கம்பெனிப் போன்களில் இருந்த காலண்டரெல்லாம் சேர்ந்து, எல்லா மெக்கானிக்கின் வாரமும் வரி வரியாக அதில் தெரிந்தது. வேலை பிரித்துக் கொடுக்கிற பெண் திரையைப் பார்த்தாள், பாதாளத்தைப் பார்த்தாள், முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தலைவலி வரப்போகுதாமே? இப்பவே ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா வராம இருக்குமில்ல?"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. "மச்சினனுக்கும் சேர்த்து ரெண்டு மாத்திரையா வாங்கிக்கங்க" என்று மேனேஜரும் தன் பங்குக்குப் போட்டார். பாதாளம் அசடு வழிந்தார். லீவும் கிடைத்துவிட்டது. மற்றவர்கள் அத்தோடு மறந்துவிட்டார்கள். ஆனால் அவரால் மறக்க முடியவில்லை. காரணம், அந்தத் திரையில் வரக்கூடாத ஒரு விஷயம் அவரிடம் இருந்தது. அவருடைய இடது காது கேட்பதை நிறுத்திக்கொண்டிருந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். டிவி சத்தம் கூடியது. லிஃப்டுக்குள் தலையைச் சாய்க்கிற பக்கம் மாறியது. காது போன மெக்கானிக்கைக் கம்பெனி வெளி வேலைக்கு அனுப்பாது. ஸ்டோரில் உட்காரவைத்து நட்டு போல்ட்டு எண்ணச் சொல்வார்கள். காதால் பெயர் வாங்கின மனுஷனுக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டுமா? அதனால் மென்று விழுங்கினார்.

விழுங்கியது அது மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நாலு மாதத்துக்கு முன்பு ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் வேலை. பாதாளத்தோடு பதினோரு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிற கூட்டாளி கீழே குழிக்குள் இறங்கியிருந்தார். பாதாளம் லிஃப்டின் கூரைமேல் நின்று, பொத்தானை அழுத்தி, அதை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம். கீழே இருப்பவன் 'நிறுத்து' என்றால் மேலே இருப்பவன் விரலை எடுக்கவேண்டும். கூட்டாளியின் காலில், லிஃப்டின் அடியிலிருந்து தொங்கும் மின்சார ஒயரான தொங்கு கேபிள் சுற்றிக்கொண்டது. கத்தினார். லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. எப்படியோ எக்கிக் குழிச் சுவரில் இருந்த சிவப்பு சுவிட்சைத் தட்டினார். தலைக்கு ஒரு முழம் மேலே லிஃப்ட் நின்றது.

கூட்டாளி மேலே ஏறி வந்தார். "கத்தினேனே அண்ணே, கேக்கலயா?"

"மேல ஃபேன் சத்தம்டா" என்றார் பாதாளம்.

லிஃப்ட் கூரையில் ஒரு சின்ன மின்விசிறி உண்டு, சத்தமும் போடும். கூட்டாளி நம்பிவிட்டார். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஆள் அவர். அன்றிலிருந்து பாதாளம் தானே குழிக்குள் இறங்கிக்கொண்டு கூட்டாளியை மேலே நிற்கவைத்தார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். ஆனால் குழி வேலையை எப்போதும் ஒருத்தரே செய்ய முடியாது. முறை மாறுகிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு உயிர் தொண்டைக்கு வந்து போனது.

தலைவலிப் புதன்கிழமைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். டாக்டரைப் பார்க்கவேண்டும், ஆபீஸுக்குத் தெரியக்கூடாது. எழுதி வைக்காவிட்டால் எதுவும் நினைவில் நிற்காத ஆள். ஆகையால் ஆபீஸ் எட்டிப்பார்க்க முடியாத ஒரு காலண்டர் வேண்டும். இன்னொரு கம்பெனியின் காலண்டருக்கு மாறலாமே என்றால், அதை அந்தக் கம்பெனிக்காரன் பார்ப்பான், அவனிடமிருந்து வேறு எவன் பார்ப்பானோ என்று சந்தேகம். காலண்டரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு போன்களுக்குக் கொடுக்கிற கம்ப்யூட்டர் ஒன்றை, அதாவது ஒரு காலண்டர் சர்வரை, வீட்டிலேயே சொந்தமாக வைத்துவிட்டால்? மனைவியிடம் "ஆபீஸ்காரன் நம்ம வீட்டு விஷயத்தையெல்லாம் பாக்கிறான்" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவும், "பண்ணுங்க, நல்லதுதான்" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மகள் கழித்துப்போட்ட பழைய லேப்டாப், திரை ஒரு பக்கம் ஆடுகிறது. அதில் இருந்ததை வழித்தெடுத்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். அதன் மேல் காலண்டர் சர்வர் மென்பொருளை நிறுவினார். செருப்பு அலமாரியின் மேல் தட்டில் அதற்கு இடம் கொடுத்தார். வீட்டு இன்டர்நெட் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் மாறாத ஒரு எண் ஒதுக்கி, லேப்டாப்புக்குப் பத்து, தன் சொந்தப் போனுக்குப் பன்னிரண்டு, மனைவியின் போனுக்குப் பதினேழு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டினார்.

முதல் தடவை போனை சர்வரோடு சேர்த்தபோது, 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல. ஆனாலும் தொடரவா?' என்று கேட்டது. ஊரில் பாதிப் பேர் தொடர் என்று அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். பாதாளம் அமுக்கவில்லை. லிஃப்டில் பாதுகாப்பு சுவிட்ச் மக்கர் செய்தால், அதைச் சரிபார்க்காமல் குறுக்கே ஒரு ஒயரைச் சொருகி ஓட்டிவிடுகிற சோம்பேறிகள் உண்டு. அவர்களைக் கண்டாலே அவர் எரிந்து விழுவார். ஒரு ஞாயிறு முழுக்க முட்டி மோதி, சர்வருக்கு முறையான சான்றிதழ் வாங்கிப் போட்டு, போனில் பூட்டுச் சின்னம் வந்த பிறகுதான் சாப்பிடவே உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு வெளியிலிருந்து வருகிற வழி. சர்வரை ஊருக்கே திறந்து வைக்க அவருக்கு மனம் இல்லை. வி.பி.என். என்று ஒரு ஏற்பாடு. வெளியே இருக்கிற போனுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுரங்கம் வெட்டியதுபோல. சாவி உள்ள போன் மட்டும்தான் அதற்குள் நுழையும். குழியிலேயே வாழ்ந்தவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் காலை ஆறு மணிக்குக் காலண்டர் முழுக்க ஒரு பென்டிரைவில் நகலாகவும் செய்துவிட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டார். அதுவும் லிஃப்ட்காரர் மட்டுமே விடக்கூடிய கோட்டை. அவர் இடுப்பில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். எந்தக் கட்டடமானாலும், எந்த மாடியானாலும், லிஃப்டின் வெளிக்கதவை அது திறந்துவிடும். இருபத்தாறு வருஷம் ஒற்றைச் சாவியோடு ஊரையே திறந்த மனுஷனுக்கு, ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று பிரிப்பது வீண் வேலையாகத் தோன்றியது. ஒரு வீட்டுக்கு எதற்கு ரெண்டு சாவி? 'வீடு' என்று ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. அதை இரண்டு போனிலும் போட்டார். அந்தக் கணக்குக்குள் வீட்டு விஷயத்துக்கு ஒரு காலண்டர், டூட்டிக்கு ஒரு காலண்டர். எல்லாம் சரியாக ஓடியது. ஒரு வாரம் கழித்துத்தான், தனக்கென்று மூன்றாவதாக ஒரு காலண்டரைச் சத்தமில்லாமல் உண்டாக்கினார். மனைவியின் போனில் இரண்டைத்தான் சேர்த்தோம், மூன்றாவது எப்படி அங்கே போகும் என்பது அவர் கணக்கு. போனோ, கணக்குக்குள் புதிதாக எது முளைத்தாலும் தானே எடுத்துக்கொண்டுவிடும். அது அவருக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காது டாக்டரிடம் போய்விட்டு வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கவேண்டும். வலது காதுக்கு ஒழுங்காக அமுக்கினார். இடது காது வந்ததும், சத்தம் எத்தனை நொடிக்கு ஒரு முறை வருகிறது என்று மனதுக்குள் எண்ணி, கேட்காதபோதும் அந்தக் கணக்கில் அமுக்கிக்கொண்டே இருந்தார். பாருங்கள், டாக்டரிடமே வேலையைக் காட்டியிருக்கிறார்! இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்த அறைக்குள் அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

டாக்டர் தாளைப் பார்த்தார். "நான் சத்தமே அனுப்பாதப்பவும் அமுக்கியிருக்கீங்க. அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. திரும்ப ஒரு தடவை பாப்போம்."

மூன்றாவது காலண்டரில், வியாழன் பதினோரு மணிக் கட்டத்தில், 'காது. ரெண்டாவது டெஸ்ட்' என்று கிளினிக் போன் நம்பரோடு எழுதினார். ஆபீஸில் பாங்க் வேலை என்று சொல்லி ஒரு நாள் லீவும் கேட்டு வாங்கிவிட்டார். காதும் காதும் வைத்தமாதிரி காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் போனைப் பார்க்கிறார், பதினோரு மணி நாலு மணியாகியிருக்கிறது. கை பட்டு நகர்ந்திருக்கும் என்று பழையபடி பதினொன்றில் வைத்தார். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், மறுபடியும் நாலு.

முதலில் சர்வரின் கடிகாரத்தின் மேல் சந்தேகம். சரியாக ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கிறதே, வேறு ஏதோ நாட்டு நேரத்தைக் காட்டுகிறதோ? பார்த்தார். கடிகாரம் நொடி சுத்தமாக ஓடுகிறது. அப்படியே இருந்தாலும் எல்லாமே ஐந்து மணி நேரம் நகர்ந்திருக்கவேண்டும். சிலிண்டர் இருந்த இடத்தில் இருக்கிறது, மகள் வருகை இருந்த இடத்தில் இருக்கிறது. காது மட்டும் நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ உள்ளே புகுந்துவிட்டான்!

மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபீஸ்காரன்தான். கம்பெனிப் போனும் இதே வீட்டு இன்டர்நெட்டில்தானே இருக்கிறது, அதன் வழியாக வந்துவிட்டான். காதைப் பற்றி அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு விளையாடுகிறான். நாளைக் காலைக் கூட்டத்தில் அந்தத் திரை, அந்தப் பெண், அந்தச் சிரிப்பு. கம்பெனிப் போனை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்தார். சுரங்கத்தின் சாவிகளை எல்லாம் மாற்றினார். கட்டத்தைத் திரும்பவும் பதினொன்றில் வைத்தார். செருப்பு அலமாரி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதி வைத்திருக்கிற பதிவைத் திறந்தார்.

மணி ஆறு. மனைவி உள்ளறையில் டிப்போ சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாதாளம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். வெளியிலிருந்து அந்நியன் ஒருத்தன்கூட வரவில்லை. வந்ததெல்லாம் வீட்டு எண்கள்தான். பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினேழு, பன்னிரண்டு. திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பதினேழு உள்ளே வந்து ஒரு கட்டத்தை மாற்றியிருக்கிறது. இன்று காலை ஏழு முப்பத்தைந்துக்கும் அதே பதினேழு. இன்டர்நெட் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, தானே ஒட்டின தாளைப் படித்தார். பிறகு ஸ்டூலிலேயே அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"திருடன் கிடைச்சானா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. அது வலது பக்கமாக வந்ததால் கேட்டது.

அவர் எழுந்து போய்க் கதவருகே நின்றார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நாலு மணிக்கு மாத்தினது நான்தான். எனக்கு அன்னைக்கு மூணு மணிக்குத்தான் ஷிஃப்ட் முடியுது. கிளினிக்குக்குப் போன் போட்டுப் பேசி நாலு மணிக்கு வாங்கிட்டேன். நீங்க என்னடான்னா திரும்பத் திரும்பப் பதினொண்ணுக்கே இழுத்து வைக்கிறீங்க. பதினொண்ணுக்குப் போயிருந்தீங்கன்னா அங்க வேற ஒருத்தர் உக்காந்திருப்பார்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க எழுதின அன்னைக்கே. டிப்போவுல உக்காந்திருக்கேன், போன்ல வந்து நிக்குது, காது, ரெண்டாவது டெஸ்ட்டுன்னு. ரெண்டாவதுன்னா முதல் ஒண்ணு இருந்திருக்கணுமில்ல? அஞ்சு நாள் பாத்தேன். இன்னைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார்னு. சோறு போட்டா சாப்பிடுறீங்க, டிவி போட்டா பாக்குறீங்க, வாயை மட்டும் திறக்கல." குரல் உடைந்தது. அதை மறைக்க ஒரு சட்டையை உதறினார். "இந்த ஊரையே உள்ள விடாமப் பூட்டுங்க. என்னையுமா?"

 ஆபீஸுக்குத்தான் பூட்டினேன் என்று சொல்ல வந்தார் பாதாளம். அது பொய் என்று சொல்ல வாயெடுக்கும்போதே தெரிந்தது. ஆபீஸுக்குப் பயந்தார், உண்மை. ஆனால் இவளிடம் சொன்னால் இவள் அடுத்த கேள்வியைக் கேட்பாள் என்று அதைவிடப் பயந்தார். அவர் பயந்த கேள்வி அப்போதே வந்தது.

"சரி, வேலையில? கீழ நிக்கிறவர் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்குதா?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பாதாளம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொன்னார். எட்டு மாடிக் கட்டடம், தொங்கு கேபிள், சிவப்பு சுவிட்ச், ஒரு முழம். மனைவி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கூட்டாளியின் மனைவி அவருக்குத் தெரிந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகள், இரண்டாவதற்கு இப்போதுதான் பல் விழுகிறது.

"அந்தப் பொண்ணு முகத்தை எப்படிங்க பாப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

 குறுக்கே ஒயர் சொருகுகிற சோம்பேறி என்று யாரையெல்லாமோ இத்தனை நாள் திட்டினோம், நாலு மாதமாக நாம் செய்தது அதுதானே என்று பாதாளத்துக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. புதன்கிழமை ஆபீஸுக்குப் போன் செய்து, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகவில்லை. அது ஒன்றுதான் அவருக்கு அப்போது தோன்றிய வழி. குறைந்தபட்சம் அன்றைக்குக் கூட்டாளி அவர் காதை நம்பிக் குழிக்குள் இறங்கவேண்டியதில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். வெளியே, டிப்போ சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்த மனைவி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது காது முடிந்தது. டாக்டர் விரலால் இடது என்று காட்டினார்.

பாதாளம் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை நொடி என்று எண்ணத் தொடங்கிய மனதைப் பிடித்து நிறுத்தினார். டாக்டரின் கை கருவியில் எதையோ திருகுவது கண்ணாடி வழியே தெரிந்தது. திருகியது, மறுபடியும் திருகியது. சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, தனக்குத்தான் வரவில்லை என்று புரிந்தது. கட்டைவிரல் அசையவில்லை. மனைவி அந்த விரலையே பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் அந்த அம்மாவின் கண் நிறைந்து வழிந்தது, துடைக்காமல் விட்டார். கடைசியில் எங்கோ தூரத்தில் கொசு மாதிரி ஒன்று கேட்டது. அப்போதுதான் பாதாளம் அமுக்கினார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இடது காது முக்கால்வாசி போய்விட்டது. போனது வராது. கருவி வைத்தால் பேச்சு கேட்கும். இரைச்சலான இடத்தில், அதுவும் உயிர் போகிற வேலையில், அதை நம்பக்கூடாது. வலது காது நன்றாக இருக்கிறது, அதை இனிமேலாவது காப்பாற்றிக்கொள்ளவேண்டும். "கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். பாதாளம் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார். இதை அவரே சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார்.

"எழுதிக் குடுங்க" என்றார் பாதாளம்.

கிளினிக் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து, போனை வலது காதில் வைத்துக் கூட்டாளியை அழைத்தார். மனைவி பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். தெருவில் பஸ் போனது, ஒரு பெண் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, வயித்துவலி எப்படி இருக்கு?"

"வயித்துவலி இல்லடா. ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் குழியில நீ கத்தினது எனக்குக் கேக்கல."

"அதான் சொன்னீங்களே, ஃபேன் சத்தம்னு."

"அன்னைக்கு ஃபேன் ஓடவே இல்லடா."

 லைன் போய்விட்டதோ என்று பாதாளம் போனை எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இடது காது போயிருச்சு. நாலஞ்சு மாசமாவே தெரியும். சொல்லல."

"மூணு தடவை கத்தினேன்ணே" என்றார் கூட்டாளி. "மூணாவது தடவை கத்தறப்ப எனக்கு என் சின்னவ ஞாபகம்தான் வந்துச்சு." போன் துண்டிக்கப்பட்டது.

பாதாளம் திரும்ப அழைக்கவில்லை. அழைக்க என்ன முகம் இருக்கிறது? போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவியும் பக்கத்துப் படியிலேயே இருந்தார். கால்மணி நேரம் போயிருக்கும். போன் அடித்தது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மேனேஜர் ரூம் வாசல்ல நிக்கிறேன்" என்றார் கூட்டாளி. குரலில் கோபம் அப்படியே இருந்தது. "ரெண்டு பேருமாப் போய்ச் சொல்வோம்."

"நீ எதுக்குடா? தப்பு பண்ணினது நான். நானே சொல்லிக்கிறேன்."

"நீங்க தனியாப் போனா அங்கயும் ஃபேனு கீனுன்னு எதையாவது சொல்லிட்டு வருவீங்க. அதோட, உங்களைக் கொண்டுபோய் ஸ்டோர்ல தள்ளலாம்னு அந்தாளு பாப்பாரு. புது லிஃப்ட் ஓட்டிப் பாக்கறதுக்கு உங்களை விட்டா ஆளு யாருன்னு நான் கேக்கணும். அதுக்கு ஒரு காது போதும். குழிப் பக்கம் மட்டும் இனிமே வராதீங்க. வந்தீங்கன்னா நானே பிடிச்சு வெளிய தள்ளிருவேன்."

பாதாளம் வாயைத் திறந்தார்.  தோள் மட்டும் குலுங்கியது. மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கினார்.

"எட்டு மணிக்கு வந்திடுவார் தம்பி" என்றார்.